வார்டன் எடுத்துட்டுப் போன குக்கர்

ஹலோ... ஹலோ, நான்தான்... நான்தான்டி, வேற யாரு... மெதுவாத்தான் பேச முடியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், ஒழுங்கா பதில் சொல்லு. மத்தியானம் வாச்மேனுக்குச் சோறு எதுல போட்டுக் குடுத்தே?... தூக்குல இல்ல. இல்லன்னு எனக்குத் தெரியும்... கழுவலையா. தூக்கு கழுவலைன்னு, குக்கரோட உள் பாத்திரத்துல போட்டுக் குடுத்துட்டே. உன்னை யாருடி தர்மம் பண்ணச் சொன்னா?

...கத்தலை. கத்த முடியாது. ஸ்டோர் ரூம்ல இருக்கேன், ஹாஸ்டல்ல. தாழ்ப்பாள் போட்டு, நாலு மெத்தையைக் கதவுக்கு முட்டுக் குடுத்து உக்காந்திருக்கேன்... ஏனா? அந்தப் பாத்திரத்து அடியில ஒரு பேர் வெட்டியிருக்கு, பாத்தியா நீ?... பாத்தியா. தெனமும் தேய்க்கிறப்போ பாத்தியா. பாத்துமா அதுல போட்டுக் குடுத்தே?

அது இருபத்திரண்டாம் ரூம் ஒல்லிப் பயலோட அம்மா பேரு... ஆமா, அவனேதான். போன மாசம் ரூம் ரூமாப் புகுந்து கெட்டில், குக்கர், கரண்ட் அடுப்பு எல்லாம் அள்ளிட்டு வந்தேன்ல. போர்டுல இத்தாம்பெரிசா எழுதிப் போட்டிருக்கு, ரூம்ல சமையல் சாமான் கூடாதுன்னு. ஒரு பய கெட்டில் போட்டா மூணு ரூம்ல ஃபியூஸ் போவுது. முற்றத்துல கொட்டி, எல்லாப் பயலையும் வரிசையா நிக்க வெச்சு, சம்மட்டியால நானே ஒடைச்சேன்... ஆமா, நல்லதா நாலை சாக்குல ஒதுக்கினேன். ஒதுக்கினா என்ன? நீயும்தானே பல்லைக் காட்டி வாங்கிக்கிட்டே... சரி, காட்டலை. அந்தப் பய காலைப் பிடிச்சான், அம்மா செத்துட்டாங்க சார், இது ஒண்ணை மட்டும் ஒடைக்காதீங்கன்னு. மாட்டிக்கிட்டா எல்லாப் பயலுக்கும் அம்மா செத்துடுவா. விட்டேன் ஒரு அறை, சுருண்டு விழுந்தான். உன் குக்கர் தூள்தூளாப் போச்சுடான்னு அப்புறமா அவன்கிட்டயே சொன்னேன்...

இரு. பேசாதே.

... ...

போயிட்டானுங்க, நம்ம ஹாஸ்டல் பசங்கதான். கிரிக்கெட் மட்டையைச் சுவத்துல தேச்சுக்கிட்டே போறானுங்க. என் ரூம் கட்டிலைத் தூக்கி மாடியிலேர்ந்து போட்டாச்சு, சத்தம் கேட்டுச்சு. நான் பின்கேட்டு வழியா ஓடிட்டேன்னு நெனைச்சிட்டிருக்கானுங்க... வாச்மேனா? அவன் கேட்டுல உக்காந்து சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கான், மடையன். ஒல்லிப் பய பாத்துட்டான். அதே பாத்திரத்தாலயே நெத்தியில போட்டானுங்க... செத்தெல்லாம் போகலை. ஜன்னல் வழியாப் பாத்தேன், சட்டை பூரா ரத்தம், எந்திரிக்கப் பாக்குறான், திரும்ப மிதிக்கிறானுங்க... நான் போய்த் தூக்கறதா? எதுக்கு? பாத்திரத்தை யார் குடுத்தாங்கன்னு கேட்டுத்தான் அவனை மிதிச்சானுங்க. வாயைத் தொறந்து உன்னைச் சொல்லியிருப்பான்.

ஆமா. வீட்டுக்குத்தான் வருவானுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன். அந்தக் குக்கரும் மிச்ச சாமான் மூணும் அங்கதானே இருக்கு. தூக்கிப் பின்னாடி சாக்கடையில போடு... எது, பாப்பாவுக்குப் பால் காயுதா? பாலை ஊத்திட்டு அடுப்பைத் தூக்கு... சுட்டா துணியைப் பிடிச்சுக்கோ, இதையும் நானா சொல்லணும்... போலீசா? போலீஸ் வந்தா மொதல்ல நம்ம அடுப்படியைத்தான் பாப்பான். என் வேலை போகும், இந்த குவார்ட்டர்ஸ் போகும், பாப்பாவோட எங்க போய் நிப்பே?...

என்ன?... திருப்பிக் குடுத்திடறதா? நம்ம கையாலயா? குடுத்தா நான் திருடன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி... என்ன சொன்னே? திரும்பச் சொல்லு... நான் திருடனா? என் சோத்தைத் தின்னுட்டு என்னையே திருடன்றியா? இங்கேர்ந்து வெளிய வந்ததும் மொதல்ல உன் கழுத்தைத்தான்டி நெரிப்பேன். அன்னிக்கு ஒரு பல்லோட விட்டேன் பாரு, அது என் தப்பு. இந்தத் தடவை எந்திரிக்கவே மாட்டே. கேக்குதா? எந்திரிக்கவே மாட்டே.

... ... ஹலோ. ... அழறியா?... அழலையா...

அது என்ன சத்தம்? கண்ணாடியா? நம்ம வீட்டுக் கண்ணாடியா?... பாப்பாவைத் தூக்கு. குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போடு... எத்தனை பேரு?... எல்லாரும் கட்டை வெச்சிருக்கானுங்களா... ஏய், கதவுகிட்ட போகாதே. வேண்டாம்... வேண்டாம்னு சொல்றேன்ல... தாழ்ப்பாள் சத்தம் கேக்குதே. அடியே... தொறந்துட்டியா...

... ... நீயே எடுத்துக் குடுக்கறியா. சரி, குடு, குடு. எல்லாத்தையும் குடுத்து அனுப்பிடு. உன்மேல கைய வைக்கலைல்ல?... பாப்பா மேல?... நான் எங்கன்னு கேட்டா காலையிலேயே ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லு. ஊருக்கு... என்ன சொன்னே அவனுங்ககிட்ட?... இல்ல, எனக்குக் கேட்டுச்சு. ஸ்டோர் ரூம்னு சொன்னே... மெத்தை முட்டுக் குடுத்திருக்குன்னு அதையும் சொல்றியே... ஏன்டி... ஏம்மா... ஏம்மா, நான் கோவத்துல சொன்னதும்மா. உன்னைப் போய் நெரிப்பேனா? பயத்துல வாயில என்ன வருதுன்னே தெரியலை... பல்லு... ஆமா, அது தப்பு. தப்புன்னு அப்பவே சொன்னேன்ல... சொல்லலையா. இப்ப சொல்றேன், தப்பு. கால்ல விழறேன், அவனுங்களை எப்படியாவது...

யார்கிட்ட குடுக்கறே போனை? குடுக்காதே... ஏம்மா...

...ஹலோ... தம்பியா?... சொல்லுங்க தம்பி... வார்டன்தான்... நான்தான் தம்பி. உங்கம்மா பாத்திரத்தை ஒடைக்கலை தம்பி, பத்திரமாத்தான் வெச்சிருந்தேன், ஒரு கீறல் கிடையாது... ஹலோ, கேக்குதா?... கேக்கலையா? சத்தமாப் பேச முடியாது தம்பி, வெளிய உங்க ஆளுங்க போன்ல நீங்க அனுப்பின சேதியைப் பாத்துட்டு இந்தப் பக்கம்தான் ஓடி வர்றாங்க... இப்ப கேக்குதா?... கேக்காதா? ஏன்... நீங்க போன் வெச்சிருக்கிற காதே கேக்காதா?... அன்னிலேர்ந்தா... நான் அடிச்ச அன்னிலேர்ந்தேவா, தம்பி?...

ஐயோ... எனக்கு யாரும் சொல்லலையே... சரி தம்பி... சரி, மத்த காதுல வைங்க. ஒரே ஒரு வார்த்தை... அவங்களை நிறுத்தச் சொல்லுங்க, கதவு தாங்காது... மரம் பொளக்குது தம்பி... மத்த காதுல வைங்க... மாத்தி வைங்க தம்பி... மாத்தி வைக்க மாட்டீங்களா...