இரண்டாம் தரக் குவளை செய்யாத பிரிசில்லா

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஜெபக்குமார் அவர்களே, மேடைக்கு வர மறுத்து முதல் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்ட, பிரிசில்லா அக்காவின் கணவர் ஸ்டான்லி அண்ணனே, மகள் சிநேகாவே, செய்யூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் சொந்தங்களே, சதுரங்கப்பட்டினத்துப் பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அழுதுவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் மேடையேறினேன். ஆனால் அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜோதிலட்சுமி. படாளத்துக்காரி. பிரிசில்லா அக்காவின் மண்பாண்டப் பட்டறையில் பதினான்கு வருடம் கூட்டாளி. போன மாதம் மாரடைப்பில் அக்கா போனதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 'பட்டறையை எப்போது மூடுகிறீர்கள்?' மூடுவீர்களா என்று கேட்கவில்லை, ஐயா! எப்போது என்று கேட்கிறார்கள்!

பின்னால் இருக்கும் பேனரில் 'கலைச்செல்வி பிரிசில்லா' என்று அச்சடித்திருக்கிறார்கள். அக்கா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். சென்னைக் கண்காட்சியில் ஒருவர் கேட்டார்: "இது உங்க ஹாபியா மேடம்? சார் என்ன பண்றாரு?" அக்கா விடவில்லை. "ஹாபி இல்ல சார், இதான் பொழப்பு. இதுலதான் அடுப்பு எரியுது, இதுலதான் எம்பொண்ணு காலேஜுக்குப் போய்கினு கீறா. சார் இன்னா பண்றாருன்னா, எனக்கு மண்ணு மிதிக்கிறாரு!" ஸ்டான்லி அண்ணன் அன்றைக்கு வெட்கப்பட்ட வெட்கம் இருக்கிறதே! அக்கா கலைச்செல்வி இல்லை. தொழில்காரி. தொழில்காரி பிரிசில்லா!

தவறே செய்யாதவரா? செய்திருக்கிறார்! பழைய படகுக் கட்டையை எரித்த சாம்பலில் குவளைக்குப் பூசும் கிளேஸ் கலக்கினால் செலவு மிச்சம் என்று ஒருமுறை முடிவு செய்தார். கடல் உப்பில் ஊறிய கட்டை என்பது இந்த ஊரில் பிறந்தவருக்குத் தோன்றவில்லை! கிளேஸ் உருகி வழிந்து, அறுபது குவளையும் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. நாங்கள் தலையில் கை வைத்தோம். அக்கா உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உப்ப நான் மறந்தேன், அது என்ன மறக்கல" என்றார். வேலையைப் பார்த்தார்.

தேறாத குவளையை அவர் விற்கவே மாட்டார். லேசாக வெடித்தது, வாய் கோணியது, எல்லாவற்றையும் கூடையில் போட்டுச் சுத்தியலால் உடைத்துவிடுவார். பாதி விலைக்குத் தள்ளினால் என்ன என்று நானே எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் மாமல்லபுரம் சாலையில் ஒரு விடுதி. பெயர் வேண்டாம். எங்களுக்கு ஆறு மாத வேலை கொடுக்கும் ஆர்டர். அதன் மேலாளர் பட்டறைக்கு வந்தார். உடைக்க வைத்திருந்த கூடையைப் பார்த்தார். "இத ஏன் மேடம் வேஸ்ட் பண்றீங்க? கெஸ்ட்டுக்கு நல்லத குடுங்க. இத எங்க ஸ்டாஃபுக்கு குடுத்துடுங்க" என்றார். நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "சார், எங்கம்மா களத்து வேலைக்குப் போன வூட்ல, கூரை எரவாணத்துல தனியா ஒரு டம்ளரு சொருகி வெச்சிருப்பாங்க. எங்கம்மாவே எடுக்கணும், குடிக்கணும், கழுவி அங்கியே சொருவணும். அந்த டம்ளர செய்யவா சார் நான் சக்கரம் வாங்கினேன்?"

மேலாளர் முகம் சுருங்கிவிட்டது. அப்படியென்றால் மொத்த ஆர்டரையும் யோசிக்க வேண்டும் என்றார். அக்கா சுத்தியலை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே கூடையைக் காலி செய்தார். ஆர்டர் போயிற்று.

நான் நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "வீறாப்பு சோறு போடுமா அக்கா?" என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "ஜோதி, உங்க வூட்டுக் களத்துக்கு வந்தவங்களுக்கு எதுல டீ குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் வீட்டிலும் அந்த டம்ளர் இருந்தது, ஐயா. அலுமினிய டம்ளர், அடி நசுங்கியது. சின்ன வயதில் நான் அதைத் தொட்டதற்கு அடி வாங்கியிருக்கிறேன். இத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், அதனால் சொல்கிறேன்.

இப்போது கேளுங்கள். மூன்று நாளுக்கு முன் அதே விடுதியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முன்பைவிடப் பெரிய ஆர்டர். அதே நிபந்தனை: நல்லவை விருந்தினருக்கு, தேறாதவை ஊழியருக்கு. கடைசி வரியை அப்படியே படிக்கிறேன்: 'பிரிசில்லா மேடம் தற்போது இல்லாததால் இதில் சிரமம் இருக்காது என நம்புகிறோம்.'

சிரமம் இருக்காதாம்!

பட்டறையில் இப்போது நாங்கள் மூன்று பேர். நான், அம்சா, ரூத். கையில் வேறு பெரிய வேலை இல்லை. இந்த ஆர்டர் வந்தால் பட்டறை ஒரு வருடம் நிமிர்ந்து நிற்கும். வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அம்சாவின் வீடு கூரை போடாமல் பாதியில் நிற்கிறது. அதனால் முதலில் அவளைத்தான் கேட்டேன். மண் பிசைந்த கையோடு அவள் நிமிர்ந்தாள். "மழைக்கு தார்ப்பாய் கட்டிக்கிறேங்க்கா. அந்த டம்ளர மட்டும் செய்யச் சொல்லாத" என்றாள். ரூத் எழுந்து போய் பேனா எடுத்து வந்தாள்.

பதிலை இன்று காலை தபாலில் போட்டுவிட்டோம். இரண்டே வரி. 'எல்லோருக்கும் ஒரே குவளை என்றால் செய்கிறோம். இல்லையென்றால் நீங்கள் வேறு இடம் பாருங்கள்.' கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

பிரிசில்லா அக்கா! நீ இல்லாவிட்டால் நாங்கள் வளைந்துவிடுவோம் என்று நினைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை சூளை ஏற்றுகிறோம். மூடும் தேதி கேட்டவர்கள் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியே டீ வைத்திருக்கிறது. அந்த விடுதியிலிருந்து இரண்டு பேர் வந்து கடைசி வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஐயா, எழுந்து போய்விடாதீர்கள். டீ குடித்துவிட்டுப் போங்கள். இங்கே இருக்கிற எல்லோருக்கும் எந்தக் குவளையோ, உங்களுக்கும் அதே குவளைதான்.