நாலு விரல் உயரம்

பார்த்து வாருங்கள், ஐயா. போர்ட்டிகோவை இப்போதுதான் கழுவிவிட்டேன், வழுக்கும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் வர முடியும். ஆறு வருடமாக நான் என் வீட்டுக்குள் அப்படித்தான் போய் வருகிறேன். டீ போட்டிருக்கிறேன், ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.

போன தடவை விசாரணைக்கு வந்தபோது நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. பத்து மணிக்கே தடாலென்று சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், நான் ஆளைக் கூப்பிட்டது இரண்டு மணிக்கு. நடுவில் என்ன நடந்தது என்றீர்கள். சொல்கிறேன். மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். காலில் சக்கரம் கட்டிய பிறவி. மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அதிலும் இரண்டு நாள் தூங்குவார். பிள்ளை குட்டியும் இல்லை. வாசல் கதவையே பார்த்துக்கொண்டு இருபத்தாறு நாள் உட்கார்ந்து பாருங்கள், அதில் எத்தனை ஆணி என்று நீங்களும் சொல்வீர்கள். பதினெட்டு. அவர் வேலையை விட்டுவிட்டு வந்த அன்று, இனி இந்த மனுஷன் எனக்குத்தான் என்று சந்தோஷத்தில் அழுதேன்.

மூன்றாம் மாதமே இந்தச் சக்களத்தியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அவருடைய தாத்தா காலத்துக் கார். யாரோ கோழி அடைத்து வைத்திருந்தார்களாம். தொட்டால் தகடு கையோடு வரும், அவ்வளவு துரு.

"இந்த ஓட்டை உடைசலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"ஓட வெச்சுக் காட்டறேன் பாரு குள்ளச்சி. இது மட்டும் ஓடட்டும், அப்புறம் என்னைப் பிடிக்கவே முடியாது" என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தார். உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பார், இற்றுப்போன தகட்டை வெட்டி எடுப்பார், எதிர்க்கடை வெல்டரைக் கூப்பிட்டுப் புதுத் தகடு பற்ற வைப்பார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் டப்பாவில் போட்டு அதன் பெயரை எழுதி ஒட்டுவார். என் பிறந்த நாளைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஒரு வருடம் கழித்து டிரைவர் சீட்டுக்குப் புது உறை போட்டவர், பக்கத்து சீட்டைக் கழற்றிக்கொண்டு போனதோடு சரி. அந்த இடத்தில் வெறும் தகடுதான்.

"நான் எங்க உக்கார்றதாம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார்.

இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன விளக்கம் வேண்டும், சொல்லுங்கள்.

அதனால்தான் தகடு துருப்பிடிக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் தடவ ஆரம்பித்தேன். உப்பு ஜாடி மேல் தட்டில் இருக்கும், ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுப்பேன். மதியம் சாப்பிட்டதும் அவர் ஒரு மணி நேரம் கண்ணயர்வார். அந்த நேரத்தில் ஒரு கிண்ணத்தில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் வண்டிக்கு அடியில் தடவுவேன். வெளியே அடித்த பெயிண்டைத் தொட மாட்டேன், பாவம், எவ்வளவு பாடுபட்டிருக்கிறார். மடிப்பு, மூலை, கண்ணுக்குத் தெரியாத இடங்கள் மட்டும். ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று வரும். மறுபடி வண்டிக்கு அடியில் படுப்பார், மறுபடி தேய்ப்பார். வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. ஐந்து வருடம், ஐயா. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அதுதான்.

ஒரே ஒரு தடவை சலித்துக்கொண்டார். "இதுக்குள்ள வசமா மாட்டிக்கிட்டேன். முடிக்கவும் முடியல, விட்டுத் தொலைக்கவும் மனசு வரல" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் தடவாமல் இருந்தேன்.

வெல்டர் கெட்டிக்காரர். "எங்கிருந்துண்ணே இவ்ளோ உப்பு பூக்குது?" என்று அடித்தகட்டைச் சுரண்டிக் காட்டினார். "சுவர்ல ஓதம் ஏறுது தம்பி" என்று டீயை நீட்டினேன். குடித்துவிட்டுப் போய்விட்டார். வண்டியை நாலு இரும்பு ஸ்டாண்டின் மேல் ஏற்றி நிறுத்திய அன்று அவரே இன்னொன்றும் சொன்னார். "ஸ்டாண்டு தாங்கற இந்த நாலு இடம் கெட்டியா இருக்கணும்ணே. ஒண்ணு போனாலும் வண்டி அப்படியே உக்காந்துடும்." நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எஞ்சின் ஓடியது. கையெல்லாம் கிரீஸோடு சமையலறைக்கு ஓடி வந்து, "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று குதித்தார். அடியில் கொஞ்சம் வேலைதான் பாக்கி என்றார். அன்றிலிருந்து ஒரே இடத்தில் தடவினேன், அவர் குளிக்கப் போகும்போது ஒரு தரம், தூங்கும்போது ஒரு தரம். ஏன் அந்த ஸ்டாண்டுப் பக்கம் என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குக் கை எட்டியது.

அன்றைக்கு அவர் அடியிலிருந்து தலைப்பக்கமாக நகர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் வண்டி உட்கார்ந்தது. மார்பு வரை வெளியே இருந்தது, இடுப்புக்குக் கீழே வண்டி.

"குள்ளச்சி, வெல்டரைக் கூப்பிடு."

"கூப்பிடறேங்க" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தேன். வெல்டர் கடை இருபது அடிதான். தெருவைக் கடந்தால் போதும். கூப்பிட்டால் ஆஸ்பத்திரி, ஆட்கள், கூட்டம். மறுபடி அவர் என்னைவிட்டுப் போய்விடுவார். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் என் கையைப் பிடித்ததே இல்லை. முதலில் கத்தினார், வாயை என் முந்தானையால் மூடினேன், தொண்டை வறளும் இல்லையா. அப்புறம் கெஞ்சினார். பிறகு பேச்சில்லை. இரண்டு மணிக்குக் கை சில்லிட்டது. அதன் பிறகுதான் எழுந்துபோய் வெல்டரைக் கூப்பிட்டேன். நீங்கள் கேட்ட நாலு மணி நேரம் இதுதான்.

இன்னொரு விஷயம். நேற்று சீட் தைக்கிறவர் வந்தார். பக்கத்து சீட்டைக் கொண்டுவந்து இறக்கினார்.

"சாருக்கு இப்படி ஆகும்னு நெனைக்கலம்மா. இதை மூணு தடவை பிரிச்சுத் தைக்கச் சொன்னார். உக்கார்றவங்க குள்ளமாம். ரோடு நல்லாத் தெரியணும், நாலு விரல் ஒசத்துங்கன்னார். முடியற வரைக்கும் வீட்டுல மூச்சு விடக் கூடாதுன்னும் சொன்னார்."

அவர் போனதும் அதைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்து பார்த்தேன். கேட்டுக்கு அப்பால் தெரு முழுக்கத் தெரிகிறது. எனக்கே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

பார்த்தீர்களா, ஐயா, நான் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. யாரோ ஒரு குள்ளமானவளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப இருந்திருக்கிறார். அவள் யாரென்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.