ரயில் பாட்டின் கடைசியில் வரும் சீட்டி

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருந்துக் கடைக்காரர் அவர்களே, மேடையில் எனக்கு வலப்பக்கம் அமர்ந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என்னை முறைத்துக்கொண்டிருக்கும், டிரம்ஸ் வாசித்து அதுவே பெயராகிப்போன டிரம்ஸ் அவர்களே, கணக்கு டீச்சர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, இயல்பாகவே காது கேட்கும் பெரியோர்களே, எங்கள் அண்ணன் பொருத்திவிட்ட கருவியால் காது கேட்கும் பெரியோர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

கருவி மாட்டியிருப்பவர்கள் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல். காலமெல்லாம் கோர்ட்டில் கத்திப் பழகிய தொண்டை இது. தலைவர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். செருமி முடிக்கவே எனக்கு அது போதாது என்று அவருக்கும் தெரியும். பொறுத்துக்கொள்வார்.

எங்கள் அண்ணன் செவிச்செல்வர் மறைந்துவிட்டார் என்கிறார்கள். யார் மறைந்தது? தையல் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில், காது கேட்கும் கருவி விற்ற அந்த மனிதரா? பக்கத்துத் தெருவில் போகிற ஆட்டோவின் ரேடியோவைக் கேட்டு, "இது ரெண்டாவது பதிவு, முதல் பதிவுல கிடார் இல்ல" என்று சொன்ன அந்தக் காதா? அந்தக் காது மறையுமா? இந்த அரங்கில் எத்தனை பேர் காதுக்குப் பின்னால் அது இன்றும் உட்கார்ந்திருக்கிறது, திரும்பிப் பாருங்கள்!

செவிச்செல்வர் என்பது அரசாங்கம் கொடுத்த பட்டமல்ல. நாங்கள் கொடுத்தது. பழைய இசைத்தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்கும் எங்கள் மறுபக்க மன்றம் கொடுத்தது. மன்றம் என்றதும் கொடி, கட்டிடம் என்று நினைக்காதீர்கள். அவருடைய கடையின் பின்னால் ஒரு பரிசோதனை அறை இருக்கிறது. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். வாரநாட்களில் அங்கே காது சோதிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டிலிருந்து ரெக்கார்டு பிளேயரைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். நாலு நாற்காலி போட்டால் அறை நிறைந்துவிடும். டிரம்ஸ் கால் நீட்டினால் டீச்சர் எழுந்துகொள்ள வேண்டும். அதுதான் எங்கள் மன்றம்.

அங்கே என்ன பேசினோம்? நாட்டைத் திருத்தவா பேசினோம்? இல்லை ஐயா! மழைப் பாட்டில் மழைச் சத்தத்தை எதில் எடுத்தார்கள்? தகரத் தட்டில் பச்சைப் பயறை உருட்டி எடுத்தார்கள். கடற்கரைப் பாட்டில் பியானோக்காரர் ஏன் ஒற்றைக் கையால் வாசித்தார்? ஸ்டூடியோக் கதவில் விரல் மாட்டி மறுகையில் கட்டு. பாடகனும் பாடகியும் முகம் பார்க்காத அளவுக்குச் சண்டை போட்டுக்கொண்டு, தனித்தனி நாளில் வந்து பாடிவிட்டுப் போன காதல் பாட்டு எது? அதை நான் சொல்ல மாட்டேன். உங்களில் பலர் கல்யாணத்தில் அதைத்தான் போட்டிருப்பீர்கள்.

இந்த ஆட்டத்துக்குச் சட்டம் இயற்றியவர் செவிச்செல்வர். போனைக் கவுண்டரில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும், தெரியாத கேள்வியைக் கேட்பது மோசடி. பதில் சொல்ல முடியாதவர் வாயைத் திறந்து "தோத்தேன்" என்று சொன்னால்தான் விடை சொல்லப்படும். இந்தச் சட்டங்களை அவர் எங்கள்மேல் செலுத்திய கண்டிப்பு இருக்கிறதே, எந்த நீதிபதியிடமும் நான் அதைப் பார்த்ததில்லை. ஒருமுறை டிரம்ஸ் சட்டைப் பைக்குள் போனை ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டார். ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, கேட்க மட்டும் செய்யலாம் என்று தீர்ப்பு. முறைக்காதீர்கள் டிரம்ஸ் அண்ணே, நடந்ததைத்தானே சொல்கிறேன்.

நான்காவது வரிசையில் நீலச் சேலை கட்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். அம்மா, கொஞ்சம் கையைத் தூக்குங்கள். ஆங், அவர்தான். சில வருடங்களுக்கு முன் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். காது மந்தம். அண்ணன் அவரைப் பரிசோதனை அறையில் உட்கார வைத்து, வெளியே தன் காதில் ஹெட்போனை மாட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சத்தம் கேக்குதாம்மா?" என்றார்.

"இல்ல தம்பி, கேக்கல."

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"கேக்கலன்னு சொன்னேன். உங்களுக்கும் காது மந்தமா?"

"தப்பா நினைச்சுக்காதீங்க. ஊஞ்சல் பாட்டுல பாடகி மூச்சு வாங்குற இடத்துல பின்னாடி ஒரு ஹம்மிங் வருமே... அது நீங்கதானே?"

மருமகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்க அத்தையா? பாட்டா? வீட்டுல அவங்க முணுமுணுத்துகூட நான் கேட்டதில்லையே!" அத்தை சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "இசைத்தட்டுல என் பேரே போடலையே தம்பி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதற்கு நம் செவிச்செல்வர் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "பேரைப் போடாட்டி என்னம்மா, குரலைப் போட்டிருக்காங்களே!"

அன்று கருவியைப் பொருத்தியதும், அந்த அம்மாவின் காதில் முதன்முதலில் விழுந்த சத்தம் ஊஞ்சல் பாட்டில் ஒலித்த அவருடைய சொந்தக் குரல். இதைச் சேவை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அந்தப் பழைய தட்டுகளில் பின்னால் நின்று பாடியவர்கள், வாசித்தவர்கள், கைதட்டியவர்கள், ஒருவர் பெயரும் அட்டையில் இல்லை. அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, சத்தமாகச் சொல்லி, நாலு பேர் மனதில் ஏற்றினாரே, அந்த மனிதரைத்தான் இன்று நாம் இழந்து நிற்கிறோம்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் கேட்டிருக்கிறார், "ஐயா, இது எந்த வருஷம்?" அண்ணன் கண்ணைத் திறந்து, "ஒரிஜினல் பதிவா, மறுபதிவா?" என்றாராம். டாக்டர் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டார். அண்ணி சாவகாசமாகச் சொன்னாராம், "பயப்படாதீங்க டாக்டர், தெளிவாத்தான் இருக்காரு." சிரியுங்கள், சிரியுங்கள். அவர் இருந்திருந்தால் இந்நேரம் நமக்கு முன்னால் சிரித்திருப்பார்.

இனி நான் சொல்லப்போவது என் கதை. அதைச் சொல்லத்தான் தலைவரிடம் மல்லுக்கட்டி இந்த மைக்கைப் பிடித்தேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன் என் மனைவி இறந்துபோனாள். அதன்பிறகு நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. மன்றத்துக்கும் போகவில்லை. சன்னலைக்கூடத் திறக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களையெல்லாம் என் மகன் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். டிரம்ஸ் வந்தார், டீச்சர் வந்தார், யாரையும் நான் பார்க்கவில்லை. வாழ்ந்தது போதும் என்று இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? அப்படித்தான் இருந்தேன்.

ஒரு நாள் மாலை செவிச்செல்வர் வந்தார். என் மகன் தடுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேரே என் அறைக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

"வக்கீலே, நான் துக்கம் விசாரிக்க வரல. ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தேன்."

"அண்ணே, என்னை விட்டுடுங்க."

"ரயில் பாட்டு முடியுறப்போ ஒரு சீட்டி வருதே. அதை அடிச்சது யாரு?"

"எனக்குத் தெரியாது. போங்க."

"அப்ப தோத்தேன்னு சொல்லு. விடையைச் சொல்லிட்டுப் போயிடுறேன்."

சபையோர்களே! நான் ஒடிந்துபோன மனிதன்தான். ஆனால் வக்கீல்! "யாரு, நானா? நான் தோத்தேன்னு சொல்றதா? ஞாயித்துக்கிழமை வந்து விடையை உங்க மூஞ்சியில அடிக்கிறேன்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு நான் எழுந்து, தூசி தட்டி, அந்தத் தட்டை எடுத்துப் போட்டேன். ரயில் பாட்டு உங்களுக்குத் தெரியும். பாடகர் முடித்துவிடுவார், வாத்தியமெல்லாம் அடங்கிவிடும், அப்புறம் யாரோ ஒருவர் தனியாகச் சீட்டி அடித்துக்கொண்டு தூரமாகப் போவார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போய், "புல்லாங்குழல்காரர்" என்றேன். அண்ணன் கண்ணை மூடி யோசித்து, "அடுத்த வாரம் சொல்றேன், ஆறட்டும்" என்றார். அடுத்த வாரம் போனேன். "இல்ல வக்கீலே, அந்த மாசம் அவர் வெளியூர்ல கச்சேரியில இருந்தாரு." சரி, ஒலிப்பதிவாளரா? "அடுத்த வாரம் சொல்றேன்." அடுத்த வாரம், "அவருக்கு முன்பல் ரெண்டும் கிடையாது, எப்படிச் சீட்டி அடிப்பாரு?" நான் விடுவேனா? பழைய வாத்தியக்காரர்களைத் தேடிப் போனேன். ஸ்டூடியோவில் டீ கொடுத்தவரைத் தேடிப் போனேன். பஸ் ஏறினேன், ரயில் ஏறினேன், தெரியாத வீடுகளில் உட்கார்ந்து தெரியாதவர்களின் பழைய போட்டோக்களைப் பார்த்தேன். போகிற வழியில் வழக்குகள் வந்தன, திரும்பவும் கோர்ட்டுக்குப் போனேன். பேரன் பிறந்தான், அவனுக்குச் சீட்டி அடிக்கக் கற்றுக்கொடுத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் நான் உயிரோடு இருக்கிறேன்.

ஆனால் விடை கிடைக்கவில்லை. போன மாதம் அண்ணன் கண்ணை மூடிவிட்டார். விடையையும் கையோடு கொண்டுபோய்விட்டாரே என்று எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! அவரை வழியனுப்பிய மறுவாரம் நேரே அண்ணியிடம் போய் நின்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"அண்ணி, நான் தோத்துட்டேன். அந்தச் சீட்டி யாருதுன்னு சொல்லிடுங்க. உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாரு."

அண்ணி என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "தம்பி, அது அவருக்கே தெரியாது."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"உங்க வீட்டுக்குக் கிளம்புறப்போ, செருப்பை மாட்டிக்கிட்டே என்கிட்ட கேட்டாரு. 'சட்டுனு ஒரு கேள்வி சொல்லு. அவன் லேசுல கண்டுபிடிக்கவும் கூடாது, விட்டுத் தொலைக்கவும் முடியக் கூடாது'ன்னு. நான்தான் இந்தச் சீட்டியைச் சொன்னேன். 'விடை தெரியாம கேக்குறது உங்க சட்டப்படி மோசடியாச்சே'ன்னேன். 'அவன் வக்கீலு, செத்தாலும் தோத்தேன்னு சொல்ல மாட்டான். நம்ம குட்டு வெளியே வராது'ன்னுட்டுப் போயிட்டாரு. நீங்க ஒரு பேரைச் சொன்னா, வாரம் பூரா போன்ல நாலு பேரைப் பிடிச்சு விசாரிப்பாரு. உங்களைவிட அவருதான் தம்பி அலைஞ்சாரு."

விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே! வக்கீல் தொழிலில் நாங்கள் படிக்கிற முதல் பாடம் அது. அவர் கேட்டார். தானே இயற்றிய சட்டத்தைத் தானே உடைத்துக் கேட்டார். எதற்காக? பணத்துக்கா, பேருக்கா? ஒரு நண்பன் அறைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும் என்பதற்காக! இப்படி ஒரு மோசடியை யார் செய்வார்கள்? எனக்கு யார் செய்வார்கள் இனி? அண்ணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அன்று நான் அழுத அழுகை, என் மனைவி போனபோதுகூட அழாத அழுகை.

அழுது முடித்ததும் எனக்கு வக்கீல் புத்தி திரும்பிவிட்டது. விடை தெரியாதவர் கேட்ட கேள்வி மன்றச் சட்டப்படி செல்லாது. செல்லாத கேள்விக்கு நான் சொன்ன "தோத்தேன்" என்ற வார்த்தையும் செல்லாது. ஆகவே இந்தப் பேரவையின் முன்னிலையில் அந்த வார்த்தையை நான் வாபஸ் பெறுகிறேன். டிரம்ஸ் அண்ணே, நீங்கள் சாட்சி!

அண்ணன் போனபிறகு மன்றம் என்னாகும் என்று பலர் கேட்கிறீர்கள். கடையை மகள் நடத்துகிறார், அவரும் காது சோதிக்கப் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை அறையின் சாவி அண்ணியிடம் இருக்கும். "அவரு நாற்காலியில நான் உக்காருறேன், எல்லாரும் போனை டப்பாவுல போட்டுட்டு வாங்க" என்று எங்களுக்கு உத்தரவு வந்துவிட்டது. ஒன்பது வருடம் என்னை ஓட வைத்த கேள்வியைச் செருப்பு மாட்டுகிற நேரத்தில் யோசித்துக் கொடுத்தவர் அவர். அவரைவிடத் தகுதியான ஆள் எங்களுக்கு எங்கே கிடைப்பார்? பெயர் போடாத குரல்களை நாங்கள் தேடுவோம், கிடைத்த பெயர்களை உரக்கச் சொல்வோம். இது செவிச்செல்வர் மேல் ஆணை. அந்தச் சீட்டி அடித்தவரையும் கண்டுபிடிப்போம். உங்களில் யாருக்காவது தெரிந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். போனில் தேடிவிட்டு வந்தீர்களானால் பேச மாட்டேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன். மௌன அஞ்சலிக்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. மேடை ஓரத்தில் துண்டில் சுற்றி வைத்திருப்பது அண்ணனின் ரெக்கார்டு பிளேயர். ரயில் பாட்டு ஓடும்போது உட்கார்ந்தே கேட்போம். பாடகர் முடிப்பார், வாத்தியம் அடங்கும், அந்த ஆள் சீட்டி அடித்துக்கொண்டு போவார். அவர் போய் முடிந்த பிறகு எல்லோரும் எழுந்து நிற்போம்.

அண்ணே, யாரென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் தோத்தேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

டிரம்ஸ் அண்ணே, ஊசியை வைங்க.