பூம்பாறையில் கிடக்கும் ஒன்பது பாட்டில்கள்

என் பெயர் பொன்னுவேல், வயது 56, தகப்பனார் பெயர் கந்தவேல். கொடைக்கானல் வட்டம் பூம்பாறை மேலத்தெருவில் குடியிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும் விவசாயம் செய்து வருகிறேன். அத்துடன் சென்னைப் பேராசிரியர் குமாரவேல் ஐயாவின் கொடைக்கானல் பங்களாவைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு முன் எந்தக் காவல் நிலையப் படியும் ஏறியதில்லை. உதவி ஆய்வாளர் சுகன்யா அம்மா விசாரிக்க, நடந்ததைச் சொல்கிறேன்.

2011-ஆம் வருடம், ஐயாவின் மகள் தேவசேனா எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அந்தப் பிள்ளையின் கல்யாணத்தன்று திறப்பதற்கென்று ஐயா உயர்ந்த ரகச் சிவப்பு வைன் பன்னிரண்டு பாட்டில் உரிய ரசீதுடன் வாங்கி வந்தார். அன்றே ஒன்றைத் திறந்து எனக்கும் ஒரு மடக்கு கொடுத்தார். பச்சை வாழைக்காயைக் கடித்தது போல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதைப் போய் யார் குடிப்பார்கள் என்று கேட்டேன். அதற்கு ஐயா, "இந்தத் துவர்ப்புதான் பொன்னுவேல் இதுக்குக் காவல். பதினஞ்சு வருஷத்துல அது மெல்ல அடியில போய் உக்காந்துடும். அப்புறம் குடிச்சுப் பாரு, பட்டா இறங்கும்" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் கண்ணில் நீர் வரவழைக்கும் பூண்டுதான் வருடம் தாங்கும், சப்பென்ற பூண்டு மூன்று மாதத்தில் சருகாகிவிடும்.

அதன் பிறகு மீதிப் பதினொன்றையும் தக்கை காய்ந்துவிடாதபடி மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் படுக்க வைத்தோம். சீசனுக்கு வரும் விருந்தாளிகள் அடுத்த அறைக் கணப்பில் விறகை அள்ளிப் போட்டு எரித்ததில் சுவர் சுடுவதைப் பார்த்து, ஐயாவிடம் போனில் கேட்டுக்கொண்டு, பாட்டில்களைச் சாக்கில் சுற்றிப் பூம்பாறையில் எனது உருளைக்கிழங்கு இருட்டறைக்குக் கொண்டுபோனேன். பூண்டு தொங்கும் புகைப்பரணில் வைக்கவில்லை. தக்கை வழியாக மணம் ஏறிவிடும் என்கிற அறிவு எனக்கு உண்டு. அந்த அறையில் விளக்கைப் போட்டதற்காக என் மனைவி இருளாயியிடம் பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன்.

தேவசேனாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மனோஜ்குமார் டெல்லியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் அரைகுறை. சென்ற வியாழக்கிழமை அவர் எனக்குப் போன் செய்து வைன் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பதினொண்ணும் அப்படியே கெடக்கு சார்" என்றேன். எங்கள் பக்கம் கிடக்கிறது என்பதை அப்படித்தான் சொல்வோம். அவர் "எல்லாமேவா?" என்று கேட்க, "எல்லாந்தான் சார், ஒண்ணு விடாமக் கெடக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பங்களாவுக்கு வந்து மாடிப்படி அறை காலியாக இருப்பதைப் பார்த்து முகம் மாறி, உடனே பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். நான் இரண்டு பாட்டிலைக் காய்கறி ஜீப்பில் கொண்டுவந்தேன். அந்த ரோட்டில் மனிதனுக்கே குடல் இடம் மாறும். "ரெண்டு நாள் நிக்க வைங்க சார், வண்டல் அடங்கட்டும், வெரசாத் திறக்காதீக" என்று சொல்லியும் கேளாமல் ஒன்றைத் திறந்து குலுங்க ஊற்றினார். செங்கல் நிறத்தில் கலங்கலாக வந்தது. குடித்தவர் பல்லில் மண் கடிபடுகிறது என்று துப்பிவிட்டு, நல்லதை நான் குடித்துவிட்டுப் பீட்ரூட் தண்ணீரை ஊற்றி வைத்ததாகச் சொன்னார். "சார், நான் பீட்ரூட்டே போடுறதில்ல" என்றேன். அவர் மற்றப் பாட்டிலுடன் இங்கு வந்து என் மேல் புகார் கொடுத்தார். அந்தப் பாட்டில் கைப்பற்றப்பட்டு நிலைய அலமாரியில் நிற்க வைக்கப்பட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிலுக்குப் பயந்து அல்ல. ஐயா இதை நம்பிவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

இன்று திங்கட்கிழமை ஐயாவும் தேவசேனாவும் வந்தார்கள். ஐயா அலமாரியில் இருந்த பாட்டிலைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். "ஸ்டேஷனுக்குள்ள யாரும் குடிக்கக் கூடாதுங்க. மோந்து வேணா பாத்துக்கங்க" என்று எஸ்.ஐ. அம்மா சொன்னார். அதன் பிறகு ஐயா தக்கையை எடுத்து, பாட்டில் கழுத்துக்குப் பின்னால் செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்கச் சொல்லி, டீக்கடைக் கிளாசில் நூல் போல ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அசையாமல் நின்றிருந்ததால் துளிக் கலங்கல் இல்லை. நடுவில் மாதுளை நிறமும் ஓரத்தில் செங்கல் நிறமுமாக இருந்தது. ஐயா மோந்துவிட்டு, கிளாசைச் சுழற்றி மறுபடியும் மோந்தார். பிறகு, "நாவப்பழம். காஞ்ச இலை. மழை பெஞ்ச சோலை மண்ணு. இன்னும் எட்டு வருஷம் தாங்கும்யா. என்கிட்ட இருந்திருந்தா இப்படி வந்திருக்காது" என்று என் கையைப் பிடித்தார். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தேவசேனா, போனில் என்ன கேட்டீர்கள் என்று மாப்பிள்ளையை விசாரித்தது. "எல்லாம் கெடக்குன்னு சொன்னார். கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?" என்றார். வத்தலக்குண்டில் பிறந்த எஸ்.ஐ. அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டுப் புகாரைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரும் சனிக்கிழமை ஜீப்பில் வந்த பாட்டில்தான், இரண்டு நாள் நின்றதும் தெளிந்துவிட்டார். இதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னார். நான்தான் எழுதச் சொன்னேன்.

மீதி ஒன்பது பாட்டில்களும் இன்றைய தேதியில் என் அறையில் <s>கெடக்கு</s> கெடாமல் கிடக்கின்றன. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே கொண்டுவந்து நிற்க வைக்கிறேன். இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

(ஒப்பம்) க. பொன்னுவேல்

குறிப்பு: கடைசிப் பத்தியில் ஒரு சொல், மாப்பிள்ளையும் இதைப் படிப்பார் என்று வாக்குமூலம் கொடுத்தவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அடித்துத் திருத்தப்பட்டது.