மூன்று கிராம் புகையிலை

காபி நன்றாக இருக்கிறது. போலீஸ் அலுவலகத்தில் இப்படியொரு காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதற்காக வந்தேன் என்று நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் சுருட்டுக்கும் பைப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் நான் சொல்வது உங்களுக்குப் புரியாது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சுருட்டு பிடிக்க ஒரு வாய் இருந்தால் போதும். நிகரகுவாவில் யாரோ ஒருத்தி இலையைப் பதப்படுத்தி, அடுக்கி, சுருட்டி, ஒட்டி அனுப்புகிறாள். இங்கே ஒருவன் அதன் நுனியை வெட்டிப் பற்றவைத்துவிட்டு, எல்லாம் தன் கைவேலை என்பதுபோல நாற்காலியில் சாய்கிறான். தங்கநிறக் காகித வளையத்தைக் கழற்றவும் மாட்டான். எதிரில் இருப்பவன் பெயரைப் படிக்க வேண்டுமே. படகு விற்றால் ஒன்று, பேரன் பிறந்தால் ஒன்று, நம்மூர் அணி ஹாக்கியில் ஜெயித்தால் ஒன்று. கடைசியில் எச்சில் ஊறிய கட்டையைக் கிண்ணத்தில் நசுக்கிவிட்டுப் போவான். இதைப் பொழுதுபோக்கு என்றால் பல் குத்துவதும் பொழுதுபோக்குதான்.

பைப் வேறு. புகையிலையை உலர்த்த வேண்டும். அதிகம் உலர்த்தினால் கெட்டது. அடியில் தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் நிரப்ப வேண்டும். வேகமாக இழுத்தால் நாக்கு வெந்துவிடும், மெதுவாக இழுத்தால் அணைந்துவிடும். பிடித்த பைப்பை மறுநாள் தொடக் கூடாது. இதெல்லாம் கைவர எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. நான் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் வடிவியல் சொல்லிக்கொடுத்தவன், எல்மர் ஹவ்கன், உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வெர்னா கோஸ்கெலாவின் புகையிலைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. ஒரு காலத்தில் வியாழக்கிழமை மாலைகளில் பைப் பிடிப்பவர்கள் ஐந்து பேர் அங்கே உட்காருவோம். ஒரு மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூன்று பேர் இறந்துபோனார்கள், ஒருவர் மகளோடு அரிசோனாவுக்குப் போய்விட்டார். வெர்னா அந்த இடத்தில் தோல் நாற்காலிகள் போட்டாள். சுருட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் ரஸ் பெல்லமி.

படகும், உறைபனியில் ஓட்டும் மோட்டார் வண்டியும் விற்பவன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, வீட்டில் பேச ஆளில்லை என்றான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"என்ன வாத்தியாரே, இன்னும் பத்தலையா? நீங்க குத்தி, ஊதி, கிண்டி முடிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு சுருட்டே முடிஞ்சிரும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள்.

வெர்னா ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு போட்டி நடத்துவாள். ஆளுக்கு மூன்று கிராம் புகையிலை, இரண்டு தீக்குச்சி. யார் பைப் அதிக நேரம் அணையாமல் இருக்கிறதோ அவருக்குக் கோப்பை. சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வருவார்கள். ஒன்பது வருடமாக அந்தக் கோப்பை என் அலமாரியில்தான் இருந்தது.

போன அக்டோபரில் ரஸ் தானும் சேருவதாகச் சொன்னான். கையில் சோளக்கட்டையில் குடைந்த பைப். மருந்துக் கடைகளில் பல்துலக்கிக்குப் பக்கத்தில் தொங்குமே, அது. என்னுடையது டென்மார்க்கில் ஒருவர் கையால் செதுக்கியது. ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் இருவர் மட்டுமே மிச்சம். அவன் படகுக்குள் கரடி ஏறிய கதையைப் பக்கத்திலிருந்தவனுக்குச் சொல்லிக்கொண்டே பிடித்தான். ஒரு மணி பதினெட்டு நிமிடத்தில் என்னுடையது அணைந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. அதை வெர்னாவிடம் சொன்னேன்.

"ஜன்னல் மூடித்தானே இருக்கு, எல்மர்?" என்றாள்.

ரஸ் கரடியைக் கரையேற்றி, கதையை முடித்து, இன்னும் நாலு நிமிடம் புகைவிட்டான். பிறகு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

"ரெண்டு வருஷமா எதிர்ல உக்காந்து உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் வாத்தியாரே. நீங்க இழுத்தப்ப இழுத்தேன், நிறுத்துனப்ப நிறுத்துனேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. இது உங்க கப்பு, நீங்களே வெச்சுக்கங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மனிதனை இதற்குமேல் கீழே இறக்க முடியாது. சுருட்டுக்காரனிடம் நுட்பம் எதிர்பார்க்கக் கூடாது என்று பைப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "சனிக்கிழமைல உங்க வீட்டுக்கு வரட்டுமா? ஒழுங்கா கத்துக்கணும். சுருட்ட விட்டுட்டேன்," என்றான். சொன்னபடியே விட்டான். ஏரி உறைந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் இரண்டு மணிக்கு, படகுத் துறையிலிருந்து ஏரிக்குக் குறுக்கே பனி வண்டியில் என் வீட்டுக்கு வந்துவிடுவான், ஒரு பெட்டி டோனட்டுடன். செர்ரி வாசனை போட்ட புகையிலையைப் பிடிப்பான். என் புறக்கடைக் கதவின் கீலை ஒருநாள் கேட்காமலே சரிசெய்தான்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை என் பைப் மூன்று முறை அணைந்தது. அவன் என் டப்பாவைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தான்.

"கொஞ்சம் ஈரமா இருக்கு வாத்தியாரே. ஒரு பத்து நிமிஷம் காயவிட்டா நல்லா எரியும்."

காயவிட்டேன். நன்றாக எரிந்தது.

இனி ஏரியைப் பற்றி. என் வீட்டுக்கும் துறைக்கும் நடுவில், என் கரைப் பக்கமாக, தண்ணீருக்கடியில் ஓர் ஊற்று இருப்பது ஊருக்கே தெரியும். அதற்கு மேலே எந்தக் குளிரிலும் பனி கெட்டிப்படாது; மேலே பனித்தூள் மூடிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. பத்தொன்பது வருடமாக நான்தான் அதைச் சுற்றி ஊசியிலைக் கன்றுகளை வெட்டி நட்டு அடையாளம் வைக்கிறேன். யாரும் கேட்டு நான் செய்யவில்லை. துறையிலிருந்து வருபவர்கள் கன்றுகளை வலது பக்கம் விட்டு, ஒட்டினாற்போல வளைந்து வருவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வழி அது.

அதற்கடுத்த புதன்கிழமை புயல் அடித்தது. கன்றுகள் எல்லாம் விழுந்து, தடங்களும் மூடிப்போயின. வெள்ளிக்கிழமை நான் போய் மறுபடி நட்டேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தேன். பனி வண்டியின் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ரஸ் தண்ணீரில் இருந்தான். இரண்டு முழங்கைகளையும் பனி விளிம்பில் ஊன்றியிருந்தான்.

"வாத்தியாரே, கயிறு," என்று கூப்பிட்டான். பிறகு, "நீங்க கிட்ட வராதீங்க, பனி உடையுது. தள்ளி நின்னே வீசுங்க," என்றான்.

கயிறு என் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. இருபது அடி நடந்தால் எடுத்துவிடலாம். ஆனால் பைப் அப்போதுதான் சீராகப் பிடித்திருந்தது. பாதியில் அணைத்து மறுபடி பற்றவைத்தால் கசக்கும். இது தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. பதினொரு நிமிடம் கூப்பிட்டான். கடைசி இரண்டு மூன்று முறை என்னையல்ல, அவன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் பைப்பை முடித்து, சாம்பலைத் தட்டி, குழலைத் துடைத்து வைத்துவிட்டு உங்களுக்குத் தொலைபேசி செய்தேன். நீங்கள் வரும்போது மணி மூன்று பத்து.

அத்தோடு எல்லாம் முடிந்துபோயிருந்தது. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வெர்னா அந்தச் சோளக்கட்டைப் பைப்பை ஆணியடித்துச் சுவரில் மாட்டினாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று அவள் ஒரு பாத்திரத்தில் காட்டரிசி சூப் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எழுபத்தொண்ணு வயசாச்சு எல்மர். புயல் அடிச்ச ஏரில எது எங்கன்னு யாருக்குத்தான் தெரியும்? உன்ன யாரும் குத்தம் சொல்லல. ரஸ் இருந்தாலும் சொல்லிருக்க மாட்டான். அடுத்த வருஷத்துலேர்ந்து கன்னுகள வேற யாராவது நடட்டும்."

அவள் போன பிறகு நீங்கள் எனக்குக் கொடுத்த அறிக்கை நகலை எடுத்து மறுபடி படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள்: முதுமையின் காரணமாக அடையாளம் வைத்ததில் ஏற்பட்ட பிழை. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் நேராக இங்கே வந்துவிட்டேன்.

பிழை எதுவும் ஏற்படவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டு மூலையிலிருந்தும் எதிர்க்கரைக் கொடிக்கம்பத்திலிருந்தும் கோணம் பார்த்து, ஊற்று இருக்கும் இடத்தை முதலில் குறித்துக்கொண்டேன். அங்கிருந்து வடக்கே எண்பது அடியை நாடா பிடித்து அளந்து, அந்தப் புள்ளியை மையமாக வைத்துப் பதினொரு கன்றுகளையும் எப்போதும்போல வட்டமாக நட்டேன். வழக்கம்போல வட்டத்தின் தெற்கு விளிம்பை ஒட்டி இடப்பக்கமாக வருகிறவன் சரியாக ஊற்றின் மேல் வருவான், வந்தான். ஓரடிகூட விலகவில்லை. அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். ஒரு சுருட்டுக்காரனைப் பார்த்து நான் ஏன் பொறாமைப்பட வேண்டும்?