உண்மைச் சம்பளம் சொல்ல ஒருவர்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அமிர்தநாதர் அவர்களே, கனடாப் பனியைப் பாராமல் ஒஷாவா நகரிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் வந்து மண்டபம் நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் குடும்பத்தைத் தோளிலும் தாங்கும் தாய்மாரே, என் கண்ணில் படாமல் கடைசி வரிசையில் ஒதுங்கியிருக்கும் என் தொழிற்சாலைத் தோழர்களே, ஜெயமலரின் பணிவான வணக்கம்.

ஏன் தலை குனிகிறீர்கள்? உங்கள் பெயர் எதையும் இங்கே சொல்லமாட்டேன்.

மருந்து பொதி செய்யும் எங்கள் தொழிற்சாலைக்கு ஸ்டெபனி என்ற வெள்ளைக்காரப் பெண் வந்தாள். அவளை இயந்திரம் ஓட்டப் பழக்கியவள் நான். பழகி முடிக்குமுன்பே அவளுக்கு என்னைவிடக் கூடிய சம்பளம். அவளேதான் சொன்னாள். ஒரே இயந்திரம், ஒரே வேலை, ஒரே வியர்வை. ஊதியம் மட்டும் ஏன் ஒன்றல்ல? உழைப்பை அளப்பது கையா, கையின் நிறமா?

இத்தனை காலம் தெரியாதா என்கிறார் முன்வரிசை அங்கிள். நல்ல கேள்வி. கலியாண வீட்டில் சம்பளம் கேட்டால் நாம் என்ன செய்வோம்? கூட்டிச் சொல்வோம். சிரியுங்கள், சிரியுங்கள். ஒருவர் கூட்டிச் சொன்னார், அடுத்தவர் அதற்கும் மேலே போனார். தனக்கு மட்டும்தான் குறைவென்று ஒவ்வொருவரும் வெட்கத்தை விழுங்கினோம். நம் வாயை அடைக்கக் கம்பனிக்கு ஒரு செலவும் வரவில்லை.

மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டேன். ஒரே காரில் என்னோடு வேலைக்குப் போய்வந்த, தங்கை போன்ற ஒருத்தி சொன்னாள்: “மலரக்கா, குறை நினைக்காதேங்கோ. இனிக் கார்ல இடமில்லை.” அதே காரில், அதே இருக்கை வெறுமையாய்ப் போவதை பஸ் தரிப்பில் நின்று பார்த்தேன். பனியைத் தாங்கினேன், தாய்மாரே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கம்பனிச் சட்டத்தரணி சொல்கிறார்: வேறு எந்தத் தமிழரும் குறை சொல்லவில்லையே, இது நிறமல்ல, இவரின் திறமைக் குறைவு என்று. தன் உண்மைச் சம்பளத்தை உரத்துச் சொல்ல நம்மவர் ஒருவர் வந்தால் அந்த வாதம் உடையும். எவரும் வராவிட்டால் உடைவது நான்.

அங்கே ஓர் அண்ணை கேட்கிறார்: “பிள்ளை, சாட்சிக்கு வந்தால் வேலை போகாதோ?”

அண்ணை, பழிவாங்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. பயமே வேண்டாமென்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை, கணினித் திரையில். கம்பனிப் பக்கம் முகம் முகமாக நிறைந்திருக்கும். என் பக்கம், வீட்டுச் சமையலறையில், குசினிக் கதிரையில், நான் மட்டும். நீதி கேட்பவள் நாதியற்றவளா? நிமிர்ந்து நிற்பவள் தனித்துத்தான் நிற்க வேண்டுமா?

கைதட்ட வேண்டாம், உறவுகளே. இறங்கியதும் தேத்தண்ணி மேசையடியில் நிற்பேன். சாட்சிக்குப் பெயர் தருபவர் வாருங்கள். தர முடியாதவரும் வாருங்கள், எல்லாரும் பார்க்க என்னோடு நின்று ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.