மூணு வாட்டி கூப்பிடோணும்

“மூணு வாட்டி கூப்பிடோணுங்க சார்...”

“அதான் ஒருக்காக் கூப்பிட்டாச்சில்ல, அப்புறமென்ன...”

“ஒருக்காக் கூப்பிட்டா ஆரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பொழுது உழுந்துபோச்சு...”

“ஏனுங்ணா, நீங்க பொக்லைன் ஓட்டறீங்களா, குறி சொல்றீங்களா? எடுங்க வண்டிய!”

மணி ஆறே முக்கால். கோயமுத்தூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அதன் பின்வாசலிலிருந்து குட்டைக்குப் போகும் மண்ரோடு ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு விளக்கு கிடையாது... பிந்து, கதை நடுவில் எழுந்து போகக் கூடாது. போவதானால் இப்போதே போய்விட்டு வந்து உட்கார்.

இதை எனக்குச் சொன்னவன் நஞ்சுண்டன். என் சிநேகிதி சென்னியம்மாளின் தம்பி. அவன்தான் பொக்லைன் ஓட்டியவன். இப்போது சைக்கிள்கூட ஓட்டுவதில்லை.

நாற்பது வருடக் குப்பை அது. விடுதிச் சோறு, உடைந்த கட்டில், கண்ணாடிச் சீசா, எல்லாவற்றையும் குட்டையில் கொட்டிக் குட்டையையே தூர்த்துவிட்டார்கள். இப்போது புத்தி வந்தது. குப்பையை ஒரு பக்கம் தள்ளி மேடாக்குவது. மேலே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, ஓரத்தைச் சூடு வைத்து ஒட்டி, மண் மூடிப் புல் நடுவது. உள்ளே சேரும் வாயு வெளியேற ஐந்து குழாய். மிச்ச இடத்தைத் தோண்டி மறுபடி தண்ணீர் விடுவது. நல்ல காரியம்தான்.

குப்பையில் செம்புக் கம்பி பொறுக்கப் பெண்கள் வருவார்கள். எவ்வளவு விரட்டினாலும் வருவார்கள். அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். வண்டி தள்ளும் முன் சூப்பர்வைசர் மூன்று தரம் கூப்பிட வேண்டும். ஏன் மூன்று? நம் பக்கம் விளக்கு வைத்த பிறகு ஒற்றைக் குரலுக்கு யார் பதில் சொல்வார்கள்? பேய் மூன்று தரம் கூப்பிடாது. மூன்றாவது வந்தால்தான் மனிதன்.

சூப்பர்வைசர் சுரேந்தர் பல்லடத்துப் பையன். கல்யாணமாகி ஐந்து மாதம். மேற்கே மழை கறுத்துக் கிடந்தது. விடிந்தால் விரிப்பு போட வேண்டும். காதில் போன், அந்தப் பக்கம் பெண்டாட்டி பிரவீனா. “வாரேன் அம்மணி, இன்னம் அரை மணி நேரம்.” போனைக் கையால் மூடிக்கொண்டு, குப்பையைப் பார்த்து, “ஏனுங்க, ஆருங்க இருக்கறீங்க?” ஒரே ஒரு தரம்.

கீழே, பள்ளத்தில், கம்பி பொறுக்கிக்கொண்டு பாவாத்தாள் இருந்தாள்.

குரல் கேட்டிருக்கும். குனிந்தவள் நிமிர்ந்திருப்பாள். வாயைத் திறந்திருக்க மாட்டாள். இரண்டாவதுக்குக் காத்திருப்பாள்...

வண்டி வந்துவிட்டது.

மறுநாள் காலை வேலமரத்தடியில் ஒரு தூக்குப்போசி. உள்ளே புளிச்சோறு, தொடாமல். சுரேந்தர் பார்த்தான். நஞ்சுண்டனும் பார்த்தான். சுரேந்தர் அதைக் காலால் குப்பைக்குள் தள்ளிவிட்டு, “விரிப்ப இழுங்கடா” என்றான். போசி உருண்ட சத்தம்... டணங்... டணங்... இன்னும் காதில் இருக்கிறது என்பான் நஞ்சுண்டன்.

ஒன்பது மணிக்கு மகள் செவ்வந்தி ஓடி வந்தாள். பாதிக் குப்பை திறந்துதான் கிடந்தது.

“எங்கம்மாளப் பாத்தீங்களா சார்?”

“இல்லீங்களே.”

“மூணு வாட்டி கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டனுங்க. ஆரும் இல்லீங்க.”

அவள் நஞ்சுண்டனைப் பார்த்தாள். நஞ்சுண்டன் விரிப்பைப் பார்த்தான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், அடுத்த வேலையும் இதே ஆளிடம்தான். சாயங்காலம் ஓரம் ஒட்டி முடிந்தது. போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போனது.

புல் முளைத்தது. ஒருநாள் பொழுது விழும் நேரம் மூன்றாவது குழாயில் ஒரு வாடை. குப்பை வாடை இல்லை. புளித்த புளிச்சோறு. பிறகு மெல்ல...

“ஏனுங்க...”

ஒருக்காத்தான்.

“காத்துங்ணா” என்று சிரித்தான் சுரேந்தர். மறுநாளும் ஒருக்கா. அதற்கு மறுநாளும். ஒரு தரத்துக்கு மேல் இல்லை. சிரிப்பு நின்றது. பத்தாம் நாள் குழாய் வாயில் சாக்கைத் திணித்துக் கட்டினான். விடிந்து பார்த்தால் சாக்கு கீழே, நாலாக மடித்து வைத்திருந்தது. கம்பி பொறுக்குகிறவர்கள் மடித்துக் கக்கத்தில் வைப்பார்களே, அப்படி.

குட்டைக்குத் தண்ணீர் விட்டார்கள். நாமக்கோழி நீந்த வந்தது. விழா, மாலை, போட்டோ. எல்லோரும் போன பிறகு, கேட்டைப் பூட்ட சுரேந்தர் மட்டும் நின்றான். நஞ்சுண்டன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தான். பின்னால் கேட்டது.

“ஏனுங்க...”

நடந்தான்.

“ஏனுங்க...”

நின்றுவிட்டான். இரண்டாவது இதுவரை வந்ததே இல்லை.

“ஏனுங்க... ஆருங்க இருக்கறீங்க?”

மூன்று. பளிச்சென்று, பெண் குரல். மேட்டின் மேலிருந்து சுரேந்தர், பாரம் இறங்கினவன் மாதிரி, “வாரனுங்க!” என்றான்.

அவ்வளவுதான்.

நஞ்சுண்டன் திரும்பி ஓடினான். சாவியோடு சுரேந்தரின் பைக் நிற்கிறது. குழாய்க்கு அடியில் போன் மின்னுகிறது, பிரவீனா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். புல் மிதிபடவில்லை. ஒட்டின ஓரம் ஒரு நூல் பிரியவில்லை. குழாய் வாயில் ஒரு கைதான் நுழையும்.

விரிப்பைக் கிழிக்கக் கமிட்டி உத்தரவு வேண்டுமாம். கூட்டம் திங்கட்கிழமையாம். அன்று வியாழன்.

வெள்ளிக்கிழமை பொழுதோடு பிரவீனா வந்து குழாயடியில் மண்டியிட்டாள். சேதி கேட்டுச் செவ்வந்தியும் வந்து நின்றாள். நஞ்சுண்டன் தள்ளி நின்றான். நாமக்கோழிகூட அடங்கிவிட்டது. உள்ளே, ரொம்பக் கீழே, போசி உருண்டது... டணங்...

“அம்மணி...”

சுரேந்தர்தான். சந்தேகமே இல்லை. பிரவீனா வாயைத் திறந்தாள். செவ்வந்தி பின்னாலிருந்து அந்த வாயைப் பொத்தினாள். ரொம்பப் பதமாக.

“பொறுங்க அம்மணி. ஒருக்காத்தான கூப்பிட்டாரு. மூணு வாட்டி கூப்பிடட்டும். உங்க ஊட்டுக்காரரு எங்கம்மாள அப்படித்தான் கூப்பிட்டாராமா.”

பிரவீனா திமிறினாள். செவ்வந்தி கையை எடுக்கவில்லை. நஞ்சுண்டன் வந்து விலக்கிவிடவில்லை. அவனும் எண்ணிக்கொண்டுதான் நின்றான். இருட்டிவிட்டது. குழாய் வாயில் ஈரமாக ஒரு மூச்சு. இரண்டாவது.

“பிரவீனா... ஒருக்காப் பேசு கண்ணு...”